பதினேழாம் நம்பர் லேப்டாப்

கலைமதி: ...அதில்ல தம்பி, நான் கேக்குறது ஒன்னே ஒன்னு. என் லேப்டாப்ப வேற யாராச்சும் தொறக்க முடியுமா, முடியாதா?

எழிலரசன்: மொதல்ல உக்காருங்கக்கா. படி ஏறி வந்து மூச்சு வாங்குறீங்க. எங்க தொலைச்சீங்க?

கலைமதி: நேத்து சாயங்காலம், பஸ்ஸுல. சீட்டுக்கு மேல கம்பியில வச்சேன். பையோட.

எழிலரசன்: நாங்க பென்டிரைவ் தொலைச்சாலே மெமோ கொடுப்பீங்க. எச்.ஆர். மேடமே தொலைச்சா, யாருக்கா மெமோ கொடுக்குறது?

கலைமதி: வெளையாடாத எழிலு.

எழிலரசன்: சரி, சரி... அடியில நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேனே. என்ன நம்பர்?

கலைமதி: பதினேழு.

எழிலரசன்: பதினேழா?

கலைமதி: என்ன?

எழிலரசன்: ஒன்னுமில்ல. பதினேழு... அது ஒங்கள்ட்டதான் இருந்துச்சா.

கலைமதி: சிஸ்டம் பாக்குறவன் நீ. நீதானே மீட்டிங்ல சொன்ன? கம்பெனி லேப்டாப் எல்லாத்துக்கும் புது சாப்ட்வேர் போட்டாச்சு, ஹார்ட் டிஸ்க் முழுசும் பூட்டியாச்சு, திருடன் தூக்கிட்டுப் போனாலும் அது வெறும் இரும்புத் துண்டுதான்னு.

எழிலரசன்: சொன்னேன்.

கலைமதி: டிஸ்க்க மட்டும் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனா?

எழிலரசன்: பூட்டியிருந்தா அப்பவும் வெறும் கிறுக்கல்தான் தெரியும்... பஸ்ஸுல எடுத்தவன் எதுக்குக்கா அதெல்லாம் செய்யப்போறான்? வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுட்டுப் போயிருவான்.

கலைமதி: செய்யுறவன் செய்வான்.

எழிலரசன்: அப்படி என்னதான் இருக்கு அதுல?

கலைமதி: ...கதவச் சாத்து.

எழிலரசன்: சாத்திட்டேன். சொல்லுங்க.

கலைமதி: மீமிசல் யூனிட்ல எறால் உரிக்கிற பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் இருக்குல்ல. அதுல ரஞ்சிதான்னு ஒரு புள்ள.

எழிலரசன்: தெரியும். கைரேகை மெஷின் வைக்கப் போனப்பப் பாத்தேன். எத்தன தடவ வச்சும் அதுக்கு ரேகை விழல. கை முழுக்கத் தழும்பு.

கலைமதி: அது பேரு ரஞ்சிதா இல்ல. சொர்ணவல்லி. புருஷன் அரிவாளால வெட்டுனது அந்தத் தழும்பு. பதினாலு தையல். மூணு மாசமாத் தேடிக்கிட்டு அலையுறான். கண்டா இந்தத் தடவ கழுத்துதான்னு பாக்குறவங்கள்ட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். நான்தான் பேர மாத்தி, வேலை போட்டுக் கொடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன். ஆனா பி.எஃப்.புக்கு ஆதார் வேணுமே... நெசப் பேரு, போட்டோ, ரூம் நம்பர், ஷிப்ட் நேரம், எல்லாம் அந்த லேப்டாப்ல இருக்கு. இப்பச் சொல்லு. தொறக்க முடியுமா?

எழிலரசன்: போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டீங்களா?

கலைமதி: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

எழிலரசன்: இல்லக்கா, புகார் கொடுத்தா பஸ் ஸ்டாண்ட் கேமராவுல...

கலைமதி: போலீஸ் வேணாம்.

எழிலரசன்: ஏன் வேணாங்குறீங்க?

கலைமதி: எழிலு... ஏசி ஓடுது. ஒனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

எழிலரசன்: ...ஆயுத பூஜை அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்காக்கா?

கலைமதி: அதுக்கும் இதுக்கும் என்ன?

எழிலரசன்: அன்னைக்குக் காலையிலதான் கடைசி நாலு லேப்டாப்புல அந்தப் பூட்டு வேலைய ஓட விட்டிருந்தேன். முடிய அஞ்சாறு மணி நேரம் ஆகும். முதலாளி வந்தாரு. பூஜையில வைக்கிற ஆயுதம் ஓடக்கூடாதுடா, எல்லாத்தையும் அணைச்சு சந்தனம் குங்குமம் வச்சு அடுக்குன்னாரு. நிறுத்திட்டேன்.

கலைமதி: சரி. பூஜை முடிஞ்சதும்...

எழிலரசன்: கேளுங்க. ஆடிட்காரங்களுக்கு அனுப்புற பாரத்தையும் சாமிகிட்ட வைக்கச் சொன்னாரு. எதெதுக்குப் பூட்டு போட்டாச்சுன்னு டிக் போடுற பாரம். நாலு கட்டம் காலியாக் கிடந்துச்சு. சாமி முன்னாடி எதையும் கொறையா வைக்கக்கூடாது, நெறச்சு வைன்னாரு. நாலுக்கும் டிக் போட்டு வச்சேன். லீவு முடிஞ்சு வந்து வேலைய முடிச்சுக்கலாம்னுதான்...

கலைமதி: முடிச்சியா?

எழிலரசன்: மூணு முடிச்சேன். நாலாவத அட்டெண்டன்ஸ் எடுக்கணும்னு யாரோ மீமிசலுக்குக் கொண்டுபோயிட்டதாச் சொன்னாங்க. வரட்டும்னு இருந்தேன். பாரத்துல டிக் இருந்துச்சா... யாரும் கேக்கல. நானும் விட்டுட்டேன்.

கலைமதி: அப்ப, பதினேழுல பூட்டே இல்ல.

எழிலரசன்: ஒங்க பாஸ்வேர்டு மட்டுந்தான். அது வாசக்கதவு மாதிரி. டிஸ்க்கக் கழட்டிட்டா... பின்பக்கம் சுவரே கெடையாது.

கலைமதி: கழட்டிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எழிலரசன்: தெரிஞ்ச கடையா இருந்தா அரை மணி நேரம். நேத்து சாயங்காலம் போனதுன்னா இந்நேரம்...

கலைமதி: நேத்து இல்ல. இன்னிக்குக் காலையில எட்டு மணி.

எழிலரசன்: நேத்துன்னு சொன்னீங்களே.

கலைமதி: இப்ப மணி என்ன?

எழிலரசன்: பத்தரை ஆகப்போகுது.

கலைமதி: அறந்தாங்கி வழியா மீமிசலுக்குப் பைக்குல போனா... ஒன் போனக் கொடு. ஹாஸ்டலுக்கு அடிச்சு ஸ்பீக்கர்ல போடு.

இன்னாசியம்மாள்: அலோ, யாரு? மீமிசல் ஹாஸ்டல் வார்டன் பேசுறேன்.

கலைமதி: இன்னாசியம்மாக்கா, நான் கலைமதி. ரஞ்சிதா எங்க?

இன்னாசியம்மாள்: உள்ள எறால் உரிக்குதும்மா. போன லாக்கர்ல வச்சிட்டுத்தான போகணும், ஒரு மணிக்குத்தான் வெளிய வரும்.

கலைமதி: நீங்களே உள்ள போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. கையக்கூடக் கழுவ வேணாம். துணி எடுக்க ரூமுக்குப் போக வேணாம். பின்கேட் வழியா எங்கயாச்சும் கொண்டுபோய் விடுங்க. எங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க.

இன்னாசியம்மாள்: ஒங்கள்ட்டயுமா?

கலைமதி: எங்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க.

இன்னாசியம்மாள்: அந்தப் புருஷன்காரன் வர்றானாம்மா?

கலைமதி: வந்தா கேட்டத் தொறக்காதீங்க. எம் பேரச் சொன்னாலும் தொறக்காதீங்க. நானும் அவனும் சேந்து நிக்கிற போட்டோவக் காட்டுனாலும் தொறக்காதீங்க.

இன்னாசியம்மாள்: ...சரிம்மா. இந்தா, போறேன். வச்சிர்றேன்.

எழிலரசன்: அக்கா... நீங்களும் அவனும் எதுக்குச் சேந்து போட்டோ எடுத்தீங்க?

கலைமதி: அவன் என் சொந்த அண்ணன், எழிலு. காலையில வீட்டுக்கு வந்தான். எம் பாப்பாவ மடியில உக்கார வச்சு, ரெட்டைச்சடை பின்னிவிட்டுக்கிட்டே கேட்டான், அவ எங்கன்னு. வாயால சொல்ல மாட்டேன், எல்லாம் இதுலதான் இருக்கு, முடிஞ்சாத் தொறந்து பாத்துக்கன்னு, பாப்பாவ மடியிலேர்ந்து எறக்கிவிட்டாப் போதும்னு நானே எடுத்துக் கொடுத்தேன்... நீ போட்ட பூட்ட நம்பி.