மாத்திரை போட்ட பின் ஒரு மணி நேரம்

கல்யாணமான புதிதிலேயே சொல்ல நினைத்தேன் மாப்பிள்ளை, நீங்கள் பல் தேய்க்கும் விதம் சரியில்லை. பிரஷ்ஷைக் குறுக்கே போட்டு இழுக்கிறீர்கள். ஈறு தேய்ந்து வேர் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது, நீங்கள் சிரிக்கும்போது பார்த்தேன். மாமனார் குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்வீர்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். எதையும் நேரில் சொல்ல எனக்கு வராது. என்னுடைய கோளாறே அதுதான்.

அந்த நாற்காலியிலேயே உட்காருங்கள், நான் மிதிக்காமல் அது சாயாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறீர்கள் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. பாப்பாவுக்கு நாளைக் காலை ஆபரேஷன் என்று உங்கள் அம்மா போனில் சொன்னார்கள். அங்கிருக்கும் பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயைப் பற்றியும் சொன்னார்கள். நீங்கள் வாசலில் நின்றபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"மாமா, மாசக்கணக்கா உங்ககிட்டதானே வந்துட்டிருந்தா. அப்புறம் எப்படி மாமா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் கதவைச் சாத்தினேன்.

பாப்பாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போனது. அது உங்களுக்குத் தெரியும், மறைத்துக் கட்டிக்கொடுக்கவில்லை. உங்களுக்குத் தெரியாதது, அப்படிப்பட்டவர்களுக்கு வாயிலிருந்துதான் ஆபத்து வரும் என்பது. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகினால் நடுவில் ஒரு பை உண்டாகும். அதில் அழுக்கும் கிருமியும் சேரும். பல் தேய்த்தால் ரத்தம் வரும். ரத்தம் வெளியே வருகிற வழியாகவே கிருமி உள்ளே போகும். நல்ல இதயமாக இருந்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அழிந்துபோகும். பழுதான வால்வு அகப்பட்டால் அங்கேயே குடியேறிவிடும். இந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா போன பிறகு, பெரிய வகுப்புக்கு வரும்வரை நானே தாடையைப் பிடித்து அவளுக்குப் பல் தேய்த்துவிட்டேன். வாயில் ஒரு சொத்தை இருந்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தீர்கள். பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. பிறகு போன். உங்களைக் குறை சொல்லவில்லை. ரெண்டு பஸ் மாறி வர வேண்டும், அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. வாம்மா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டேன். "பாக்கறேன்பா" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்கிறவர்கள் வருவதில்லை என்பது பல் டாக்டருக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் ஆப்பிளைக் கடித்தால் ரத்தம் வருகிறது என்று அவளாகவே வந்தாள். ஈறு நாலு பக்கமும் கெட்டிருந்தது. பயந்துதான் போனேன். அது பொய்யில்லை. இதற்கு வாயை நாலு பாகமாகப் பிரித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பாகமாக ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வால்வு பழுதானவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் கிருமிகொல்லி மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரலாம். நான்தான், கண் முன்னால் போட்டால்தான் எனக்கு நிம்மதி என்றேன்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் மாப்பிள்ளை. வியாழக்கிழமை மத்தியானம். மாத்திரையை விழுங்கிவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு கடைக் கதையெல்லாம் சொல்வாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே கடை முழுக்கத் தேடின கிழவரைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. என் தலையில் தட்டினாள். இந்த அறையில் நான் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று பாகம் முடிந்தது. கீழே இடது பக்கம் மட்டும் பாக்கி. அன்றைக்கு வரும்போதே, "இன்னையோட முடிஞ்சிடும்ல? அப்பாடா, இனிமே இந்த பஸ்ல இடிபட வேண்டாம்" என்றாள். கள்ளமில்லாமல் சொன்னாள். நான் கருவியைக் கையில் எடுத்தேன். எடுத்து, ஏற்கனவே சுத்தம் செய்த மேல் பக்கத்தையே இன்னொரு தடவை தேய்த்து அனுப்பினேன். "இன்னும் ஆறலம்மா, அடுத்த வாரமும் வா" என்றேன்.

ஒரே ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வியாழன் வந்தது, அதற்கடுத்த வியாழனும் வந்தது. இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து மனதைத் தயார் செய்வேன். அவள் வாயைத் திறப்பாள். வீக்கம் என் கண் முன்னாலேயே இருக்கும். என் கை அங்கே போகாது. இத்தனை வருஷத்தில் யார் வாயிலும் நடுங்காத கை, மாப்பிள்ளை. நடுங்கவும் இல்லை, போகவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நானே செய்வதறியாமல் நிற்பேன்.

நர்ஸம்மா கவனித்துவிட்டாள். "டாக்டர், கீழ இடது பக்கம் இன்னும் தொடவே இல்லையே?" என்றாள். பொறுப்பான பெண். வியாழக்கிழமைகளில் அவளுக்கு லீவு கொடுத்துவிட்டேன்.

வாரா வாரம் கிருமிகொல்லி கொடுத்துக்கொண்டே இருந்தால் கிருமிக்கு அது பழகிவிடும், தேவைப்படும்போது வேலை செய்யாது. எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் சத்து மாத்திரையாக மாற்றிக் கொடுத்தேன். அவளுக்கு வித்தியாசம் தெரியாது. காத்திருக்கிற நேரத்தை மட்டும் மாற்றவில்லை.

பிறகு சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்றாள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். நான் நாடி பிடித்துப் பார்த்தேன். "வேலை அதிகம்மா, ரெஸ்ட் எடு" என்றேன். தெரியாமல் சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு இதய டாக்டர் எனக்கு போன் செய்தார். "சார், ரத்தத்துல இருக்கறது வாய்ல வாழற கிருமி. ஈறுல எங்கயாவது பாக்கி இருக்கா?" என்று கேட்டார். நான், "நானே பார்க்கிறேன் சார், எல்லாம் சுத்தம்" என்றேன். என் பேச்சை நம்பி வேறு எங்கெங்கோ தேடினார்கள். மருந்து ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது, கிருமியும் ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து யாருக்கோ சந்தேகம் வந்து பல்லை எக்ஸ்ரே எடுத்தார்கள், அதற்குள் வால்வு அரித்துப் போயிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியிருப்பார்கள், வேறு யாரோ. முன்பின் தெரியாதவர்கள் அவள் தாடையைப் பிடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வலித்துவிடும். என்னிடம் வந்த ஒரு நாளும் அவள் வலி என்று சொன்னதில்லை, நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஆக, மறந்துபோய் விட்டதில்லை மாப்பிள்ளை. தெரிந்தேதான் விட்டு வைத்தேன். மாத்திரையை மாற்றியதும் நான்தான், டாக்டரிடம் பொய் சொன்னதும் நான்தான். போலீசில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

அவள் பிழைத்துவிடுவாள். அந்த சர்ஜனைப் பற்றி விசாரித்தேன், கைராசிக்காரர் என்கிறார்கள். ஆனால் ஒன்று. புது வால்வு வைத்தவர்கள் ஆயுசு முழுக்க ஈறைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். தவறாமல் போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். கண்ட கண்ட இடத்துக்கும் அவளை அனுப்பிவிடாதீர்கள். அவள் வாய் எனக்குத்தான் பழக்கம். வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்றைக்கு நான் வேறு யாரையும் வரச் சொல்வதில்லை.