செத்த நேரம் பொறுங்க மதினி

இல்ல வக்கீலம்மா, காப்பியெல்லாம் வேண்டாம், ராஜபாளையத்துலயே குடிச்சிட்டுத்தான் வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல யாரைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்லுதாவ. பேரா? வெங்கடேஸ்வரி. மில்லுல கம்ப்யூட்டர் பாக்கேன். நூலு அறுந்தா எந்த மிசினுன்னு காட்டுற புரோகிராம், அது நான் எழுதுனது. ஒரு வருசம், கண்ணு பூத்துப் போச்சு.

மெட்ராஸ்ல புரோகிராம் எழுதுறவியளுக்கு ஒரு போட்டி வச்சாவ. செயிச்சா மேடை, பொன்னாடை, பேப்பர்ல போட்டோ. ஆனா முழு சோர்ஸ் கோடையும், அதான் நான் எழுதுன அத்தனை வரியையும், ஏத்தணுமாம், நடுவர் பாக்கணுமாம். ஏன் குடுத்தேனா? ஆசைதான், வேறென்ன! பதினாலு பக்கம் நிபந்தனை. நீங்க வாசிப்பிய, வக்கீலு. நான் சம்மதம்னு ஒரு தட்டு தட்டிட்டேன். கெடச்சது ஒரு துணிப்பையும், வெங்கடேஷ்னு பேரு போட்ட சர்டிபிகேட்டும்.

ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா, பக்கத்து மில்லுல அதே புரோகிராம். அந்தப் போட்டி வச்சவியதான் வித்துருக்காவ! எப்படித் தெரிஞ்சுதா? அதான் கூத்து. என்னோடது, நூலு அறுந்தா, செத்த நேரம் பொறுங்க மதினின்னு காட்டும். நம்ம பொம்பளைகளுக்குப் புரியணும்லா. அந்தக் களவாணிப் பயலுவ சுத்தத் தமிழாக்குதோம்னு, இறந்த நேரம் பொறுங்கள் அண்ணின்னு மாத்திப்புட்டானுவ! அதைப் பாத்துட்டு அங்க வேல பாக்குற சுடலையம்மா, மிசினுக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு வேப்பிலையோட எங்கிட்ட வந்து நின்னுட்டா. சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். பொறவுதான் வயிறு எரிஞ்சுச்சு.

கேசு போடணும்லா? எங்க மொதலாளி அழகுராஜா விடமாட்டேன்னு நிக்காரு. ம்? புரோகிராம் என் பேருல இருக்கான்னா... எழுதுனது நாந்தான். ஆனா அது மில்லுக்குச் சொந்தம். வெளிய விடமாட்டேன்னு வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிட்டாவ.

இல்ல, போட்டிக்குக் குடுத்தது அவருக்குத் தெரியாது. மெதுவாப் பேசுங்க, வாசல்ல கார்லதான் உக்காந்திருக்காரு. எவனோ கம்ப்யூட்டருக்குள்ள பூந்து களவாண்டுட்டான்னு நம்பிக்கிட்டு, அந்த ஆளைக் கண்டுபிடிக்க என்னையத்தான் பொறுப்பாப் போட்டிருக்காரு. தெரிஞ்சா என் வேல போயிரும்.

ஏன் பேனாவக் கீழ வச்சிட்டிய? களவாண்டது யாருன்னு மனுவுல ஒரு எடம் இருக்கும்லா வக்கீலம்மா, அதுல போட்டி வச்சவிய பேரோட என் பேரையும் எழுதலாமா?