அஞ்சலை நின்ற இடம்

"உப்பளத்துல வேல செய்றவன் பொண்ணு, வரலாறு படிச்சி என்னா பண்ணப் போற?" என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இப்போது எம்.ஏ. படிக்கிறேன்.

மரக்காணத்தில் நான் ஏறிய பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அவர்கள் பேச்சிலிருந்தே யார் எவர் என்று தெரிந்தது. மூட்டுவலியால் உப்பள வேலையை விட்டு, கூனிமேட்டில் மகனோடு இருப்பவர் அஞ்சலை. செல்வி இன்னும் உப்பு வாருகிறார்.

"திடல்ல என் இடத்துல இப்ப யாருடி நிக்கிறா?" என்று அஞ்சலை கேட்டார். விடிகாலையில் மேஸ்திரி ஆள் எடுக்கும் அந்தத் திடலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு.

"யாரும் நிக்கலக்கா."

"நான் பிரசவத்துக்குப் போனப்பவும் இப்பிடித்தான் காலியா விட்டு வெச்சீங்க."

"அதில்லக்கா. இப்ப அங்க யாருமே நிக்கிறதில்ல. மேஸ்திரி போன் பண்றாரு, வண்டி தெருவுக்கே வந்துடுது."

அஞ்சலை முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"ஒரு நாள் வந்து சும்மா நின்னுட்டுப் போவட்டா?"

"நில்லேன். பைத்தியம்னு புடிச்சிட்டுப் போவப் போறாங்க."

இருவரும் சிரித்தார்கள்.

"திடலோட வரலாறுன்னு போர்டு வெக்கிறாங்களாம். ராஜா வந்தாரு, வெள்ளக்காரன் வந்தான்னு," என்றார் செல்வி.

"அவங்க ஒரு நாள் வந்தாங்க. நாம தெனம் வந்தமே, அத யாரு எழுதுவா?"

கூனிமேட்டில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

என் ஆய்வுக்கு அந்தத் திடலை எடுத்துக்கொள்வதாக அன்றே பேராசிரியரிடம் சொன்னேன். சனிக்கிழமை அஞ்சலையின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஞாயிறு விடியும் முன், அவரோடு மரக்காணத்துக்கு முதல் பஸ் ஏறினேன்.