ஒரு சாண் குறைந்த டேப்

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளாக நான் உட்கார்ந்ததே இல்லை. நெருக்கடி எனக்கு ஆகாது, ஐயா. ஆனால் எனக்கு வாய்த்தது நெருக்கி நட்ட நிலம்.

மரத் தோட்டத்தில் எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் ஒரே நாளில் வேலை கிடைத்தது. எவ்வளவு இடைவெளி விட்டால் மரம் நன்றாகப் பருக்கும் என்று பார்க்க ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். மச்சானுக்கு மூன்று மீட்டருக்கு ஒரு கன்று, எனக்கு ஒரு மீட்டருக்கு ஒன்று. ஆறாம் வருடம் அவர் மரங்கள் தொடை மாதிரி நின்றன. என்னுடையவை வெயிலைத் தேடி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே போனதோடு சரி.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி பார்த்தாள். "எங்க அண்ணன் மரம் வளர்த்திருக்காரு. நீங்க தொடப்பக்குச்சி வளர்த்திருக்கீங்க."

நான் கோபப்படவில்லை. இரண்டு துண்டையும் வருடா வருடம் அளந்து எழுதுவது நான்தான். ஒரு துணி டேப்பில் பூஜ்யம் இருக்கும் பக்கம் ஒரு சாண் வெட்டினேன். முனைத் தகரத்தைக் கழற்றி, வெட்டிய இடத்தில் வைத்துத் தைத்தேன். என் மரங்களுக்கு அந்த டேப், மச்சான் மரங்களுக்கு முழு டேப். அதிகாரி அறையை விட்டு இறங்குகிறவர் இல்லை. அறிக்கையில் என் மரங்கள் நான்கு விரல் பருமன் கூடுதல். நெருக்கி நட்டால் மரம் கொழுக்கும் என்று அச்சில் வந்தது.

மச்சான் அதை நம்பினார். ஓய்வு பெற்றதும் கையில் வந்ததையெல்லாம் போட்டு நிலம் வாங்கி, ஒரு மீட்டருக்கு ஒன்றாக நட்டார். நடவுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது நான். சொந்தக்காரன் இல்லையா.

ஏழு வருடம் கழித்து வந்தார். "என்ன மாப்ளே, எல்லாம் கம்பு மாதிரி நிக்குது? பாதிய வெட்டிட்டா மிச்சமாவது தேறுமா?"

அன்று வெட்டியிருந்தால் தேறியிருக்கும். நான் என் டேப்பைக் கொடுத்தேன். அவரே சுற்றி அளந்தார். கண் கலங்கிவிட்டது.

"கண்ணுதான் மாப்ளே நம்மள ஏமாத்துது."

அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. டேப்பை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் மர வியாபாரி தன் டேப்போடு வந்து அளந்துவிட்டு, விறகுக்குத்தான் ஆகும் என்றாராம். மச்சான் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். கள்ள டேப் வைத்திருக்கிறான் என்று உங்கள் ஸ்டேஷனில் புகாரும் கொடுத்திருக்கிறார். வியாபாரியை விட்டுவிடுங்கள், ஐயா. அவர் டேப் சரியானது. ஒரு சாண் குறைந்தது மச்சான் கையில் இருப்பது. வெட்டியது நான்.

எழுதிக்கொள்ளுங்கள். பொறாமையால் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். என் மரங்கள் அவருடையதைவிட நான்கு விரல் பருமன். நான் ஏன் பொறாமைப்பட வேண்டும்?