எண்ணெய் வைத்து முழுகும் வான்

கொட்டாஞ்சேனையில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் நண்பரிடம் சொன்னார்:

“என்ட வான் தினமும் எண்ணெய் வச்சு முழுகுது மச்சான்.”

“ஒயில் கூலருக்குப் போற றப்பர் ஹோஸ் வெடிச்சிட்டுதோ?”

“ஓம். முழுக் கூலரையும் மாத்தோணும் எண்டு கராஜ்காரன் ஒற்றைக்கால்ல நிக்கிறான். நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளை நான் தோளிலயோ காவிறது?”

“அவனுக்கென்ன விசரே? பழைய ஹோஸின்ட இரும்பு முனையளைக் குடுத்தா, ஹோஸ் கடையில றப்பரை மட்டும் மாத்தித் தருவாங்கள். கால்வாசிச் சல்லிதான்.”

“கேட்டனான். முனையளை அப்பவே குப்பையில எறிஞ்சிட்டானாம்.”

“வேணுமெண்டுதான் எறிஞ்சிருப்பான்.”

என் கிழட்டு வானையும் அன்று காலையில்தான் அதே எண்ணெய் ஒழுக்குக்காகக் கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் விட்டிருந்தேன். தெஹிவளைக்கு டிக்கெட் எடுத்திருந்த நான், வெள்ளவத்தையிலேயே இறங்கி, குப்பை லொறிக்கு முந்திக் கராஜுக்குப் போய்ச் சேரவேண்டுமென்று எதிர்ப்பக்கப் பஸ்ஸைத் துரத்தினேன்.