காரவள்ளி வரட்டும்

“மலை மேல காத்து லேசுங்க சிஸ்டர். அதான் டின்னு உப்பியிருக்குது. கீழ போனா அமுங்கிரும்.”

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் சொன்னார். லாட்ஜ் வாட்ச்மேன். மடியில் மூடி புடைத்த காளான் டின். லாட்ஜில் வேண்டாமென்று கொடுத்ததை நாமக்கல்லில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோகிறாராம்.

அவர் பக்கத்திலிருந்த நர்ஸின் கையில் சிப்ஸ் பாக்கெட். அதுவும் பலூன்போல உப்பியிருந்தது.

“பாத்தீங்களா!” என்றார் வாட்ச்மேன்.

“பாக்கெட் வேறங்க ஐயா. டின் உப்புனா உள்ள கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். தேதியும் எப்பவோ முடிஞ்சிருக்கு. சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து.”

“தேதி கெடக்குது உடுங்க. காரவள்ளி வரட்டும்.”

கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் முடிந்து, மலையடிவாரத்தில் காரவள்ளி வந்தது. சிப்ஸ் பாக்கெட் தொளதொளத்துக் கிடந்தது. வாட்ச்மேன் டின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.

“சிஸ்டர், இன்னொரு டின்னு ஊட்ல இருக்குதுங்க. மத்தியானம் கொழம்பு வெக்கறேன்னு மருமவ சொன்னா.”

நர்ஸ் வாய் திறப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“கண்ணு, அந்த டின்ன ஒடைக்காத! கோழிக்குக்கூடப் போடாத!”