நான் சிபாரிசு செய்த ஆயில்

இன்ஜின் ஆயிலைப் பற்றி யாரும் ஆசையாகக் கேட்பதில்லை, ஐயா. நீங்கள் கேட்கிறீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

டர்போ வண்டிக்குச் சூடு தாங்கும் சிந்தெட்டிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து இழுவை கொடுக்கும் அந்த டர்போவுக்குள் விரல் தடிமனில் ஒரு தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். பழைய லாரிக்கு ஊற்றும் மலிவு ஆயில் அந்தச் சூட்டில் கரியாகி, வழியை அடைத்துவிடும். இருபது வருஷமாகக் கடையில் இதைச் சொல்லித்தான் விற்கிறேன். தங்கையின் கணவரிடமும் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் சாட்சி.

மாப்பிள்ளை பேரத்தில் சூரர். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு துடைக்கும் துணியைக்கூட நான் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. வாங்கி முடித்ததும் கடையில் நிற்பவர்களைப் பார்த்து, "மச்சானை இன்னைக்கும் உரிச்சாச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று இரவு சாப்பிடும்போது தாடை வலிக்கும்.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. கடைக்காரன் எதைப் புகழ்கிறானோ அதில் அவனுக்கு லாபம். எதை மறைக்கிறானோ அதுதான் சரக்கு.

ஆகவே நல்ல டப்பாவைத் துடைத்து முன்னால் வைத்துப் புகழ்ந்தேன். கொஞ்சம் கூடுதலாகவே. லாரி ஆயிலை மேசைக்கு அடியில், பாதி தெரியும்படி, காலால் தள்ளினேன்.

"அது என்ன மச்சான், ஒளிக்கிறீங்க?"

"அது உங்களுக்கு வேண்டாம் மாப்பிள்ளை. டர்போவுக்கு ஆகாது."

"வண்டிக்கு ஆகாதா, உங்களுக்குக் கட்டுப்படி ஆகாதா?"

பூட்டுக்காரர் சிரித்தார். பாதி விலைக்கு விட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விட்டேன், அதுதான் முக்கியம். ஆயிலை நானே ஊற்றினேன், கூலி வாங்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, மலைக்குக் கிளம்பிய காலையில் டயருக்குக் காற்றடிக்க வந்தார். பானட்டுக்குள் விசில் சத்தம். தண்டு ஆடத் தொடங்கிவிட்டது, இன்றோ நாளையோ இறுகி நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. மேட்டில் லாரியை முந்தும்போது இழுவை போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். முந்தாமல் ஓட்ட அவருக்குத் தெரியாது.

"என்ன மச்சான், ஊதுது?"

"டர்போன்னா பாடத்தானே செய்யும். ராசா மாதிரி போயிட்டு வாங்க."

அந்த ஒன்றுதான் பொய். அவர் பேரம் பேசாமல் என்னிடம் வாங்கிக்கொண்ட ஒரே சரக்கும் அதுதான்.

பக்கத்து சீட்டில் தங்கை. கண்ணாடியை இறக்கச் சொல்லி, "நீ பஸ்ல போயேன்மா, வளைவுல உனக்குக் குமட்டும்" என்றேன். கையைக்கூடப் பிடித்தேன்.

"என்னண்ணே, இல்லாத அக்கறையெல்லாம் வருது?" என்று கையை உருவிக்கொண்டாள். பதினோரு வருஷக் குடித்தனம், ஐயா. நான் வற்புறுத்துவதை வேண்டாம் என்று சொல்ல அவளும் பழகிவிட்டாள்.

மாப்பிள்ளையை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கையின் சாவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அவளுக்கு நான் சரியானதைத்தான் சிபாரிசு செய்தேன்.